நீர் தெற்கே இறங்கும் மாதம்

கரை தெரியாத இடத்தில் படுத்திருக்கும் என் தம்பி செல்லானுக்கு, கண்ணு, சாமி,

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நலம்தானா என்பது இன்னும் நாலைந்து நாள் கழித்துத்தான் தெரியும். ஐப்பசி பாதி கடந்துவிட்டது. வானம் துலக்கிக் கவிழ்த்த வட்டில் மாதிரி இருக்கிறது. ஒரு மேகம் கிடையாது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குப் பயம்.

இந்தக் கடிதத்தை மாரிமுத்து கொண்டுபோவான்; மலை ஊர்களில் விற்று முடித்து நாளைக்குக் கீழே இறங்குகிறான். மாதம் ஒரு தடவை கருவாட்டு மூட்டையோடு மலை ஏறி வருவானே, அவன்தான். கரையில் உன்னோடு தோணி ஓட்டியவர்களுக்கு இதை வாசித்துக் காட்டிவிட்டுத் தண்ணீரில் விடச் சொல்லியிருக்கிறேன். அவர்களும் கேட்கட்டும். நான் சொல்வதில் பிசகு இருந்தால் அவர்களாவது சொல்லட்டும். உன்னைத்தான் கேட்க முடியாமல் போய்விட்டதே.

நீ முதல் வருடம் கடலுக்குப் போய்விட்டு கொல்லி மலையில் நம் வாழவந்தி நாட்டுக்குத் திரும்பி வந்த அன்று, கை கழுவக்கூட இல்லை, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாய்.

"அக்கா, கடலுக்குள்ள, கரையை ஒட்டியே ஒரு ஆறு ஓடுதுங்க."

"ஆறுன்னா ரெண்டு கரை வேணுமே. மறுகரை எங்கே?"

"மறுகரையும் தண்ணிதானுங்க. மாசி, பங்குனியில அது வடக்கே ஏறுது. ஐப்பசி, கார்த்திகையில திரும்பித் தெற்கே இறங்குது."

"ஆறு திரும்புமா? கடலுக்குப் போயி நல்லாப் பொய் பேசப் பழகிட்டே."

உன் மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்படித் திரும்புற ஆறு இருந்தா நம்ம ஐயாத்துக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுடா. கோடையில மேலே ஏறி வந்து காட்டுக்குப் பாயட்டும்" என்றார்.

நீ கோபித்துக்கொள்ளவில்லை. தெற்கிலிருந்து வருகிற நீரைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருகிறதை வன்னி என்றும் கரைக்காரர்கள் சொல்வார்கள் என்றாய். காற்று திரும்புவதற்கு முன்பே தண்ணீர் திரும்பிவிடும் என்றாய். அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. காற்று தள்ளாமல் தண்ணீர் எப்படித் திரும்பும்? யார் அதைத் திருப்புவது? நீயும் தெரியாது என்றுதான் சொன்னாய். எங்கோ தூரத்தில் அடித்த காற்று இங்கே வந்து சேர்கிறதோ என்னவோ என்றாய்.

அன்றைக்குத்தான் நான் நோட்டுப் போட ஆரம்பித்தேன். பஞ்சாங்கத்தையும் உன் கடிதங்களையும் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிக் கற்றவளுக்கு வேறு என்ன நோட்டு? இடது பக்கம் நீ எழுதுகிற கடல் சேதி: வன்னியா, தெண்டியா, எந்த நட்சத்திரத்தில் திரும்பியது, எவ்வளவு வேகம். வலது பக்கம் நம் மலை: என்றைக்கு மழை, எந்தப் பக்கத்து மேகம், மூடுபனி எதுவரை இறங்கியது. அடுப்பில் உலை வைத்ததும் எழுதிவிடுவேன். ஒரு நாள் விட்டதில்லை. நீ இருந்தபோது எட்டு வருடம். நீ போன பிறகு மாரிமுத்து சொல்லச் சொல்ல மூன்று.

நீ செய்த ஒரு வேலையை எழுதி வைத்திருக்கிறேன். வாய் மூடிய செம்பில் கல்லைக் கட்டிக் கடலுக்குள் இறக்கி, பத்துப் பாகம், அதாவது பத்து ஆள் கைவிரித்த ஆழத்தில் இன்னொரு கயிற்றால் மூடியைப் பிடுங்கி, அடித்தண்ணீரை மொண்டு ருசி பார்த்தாயாமே. கார்த்திகை மாதம். மேலே உள்ள தண்ணீரில் உப்புச் சப்பே இல்லை, கீழே நல்ல உப்பு. வடக்கே பெரிய பெரிய ஆறுகள் மழைக்காலம் முழுக்கக் கடலில் கொட்டுகிற தண்ணீரை அந்த வன்னிதான் கரையோடு வழித்துக்கொண்டு வருகிறது என்று எழுதினாய். கனம் குறைந்த தண்ணீர் மேலேயே கிடக்கிறது. காற்று எவ்வளவு கலக்கினாலும் அடியிலிருக்கும் குளிர்ச்சி மேலே வருவதில்லை. "அதனால கடல் சூடு ஆறாமக் கிடக்குதோன்னு எனக்குத் தோணுது அக்கா. அந்தச் சூடுதான் புயலுக்குச் சோறு." கஞ்சியில் ஏடு படிந்தால் உள்சூடு ஆறாதே, அது போல என்று நான் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

இப்போது நடப்பைச் சொல்கிறேன்.

புரட்டாசி முடிந்த மறுவாரம் மாரிமுத்து வந்தான். மூட்டையை இறக்குவதற்குள் கேட்டேன்.

"தண்ணி எப்படி?"

"ஏனுங்கம்மா, நெத்திலி எப்படின்னு கேக்க மாட்டீங்களா? தண்ணி எப்படின்னு கேக்கிற ஒரே ஊடு இதுதானுங்க."

"சொல்லு சாமி."

"புரட்டாசியிலேயே திரும்பிருச்சுங்க. வலை நிக்க மாட்டேங்குது, படுத்துக்கிட்டே தெற்கே ஓடுது. தண்ணி செம்மண்ணு நிறம். பெரிய பெரிய மரமெல்லாம் மெதந்து வருது. வாயில வெச்சா உப்பே தெரியலீங்க. காலை வெச்சா வெதுவெதுங்குது."

அவன் போன பிறகு நோட்டைப் புரட்டினேன். இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு வேகமாக வன்னி இறங்கியது பதினொரு வருடத்தில் மூன்றே தடவை. அதில் இரண்டு வருடம் ஐப்பசி கடைசியில் புயல்மழை ஏறி வந்து சாமையைப் படுக்க வைத்துவிட்டது. கதிரிலேயே முளை விட்டதே, உனக்கு நினைவிருக்கும். மூன்றாவது வருடம் ஒன்றுமே நடக்கவில்லை. வெயில் அடித்துக் கிடந்தது. மூன்றில் இரண்டு. இது ஒரு கணக்கா கண்ணு? அந்த ஓட்டம்தான் புயலைக் கொண்டுவருகிறதா? இல்லை, வேறு ஏதோ ஒன்று இரண்டையும் சேர்த்துக் கொண்டுவருகிறதா? ஒன்றன் பக்கத்தில் ஒன்றை எழுதிவிட்டால் ஒன்று மற்றதைப் பெற்றதாகிவிடுமா?

சாமைக்கு இன்னும் பதினைந்து நாள் வேண்டும். கதிர் பால் வற்றி இப்போதுதான் இறுகுகிறது. இப்போது அறுத்தால் குத்தும்போது பாதி உமியாகப் போகும். அறுக்காமல் புயல் வந்தால் எல்லாமே போகும். யுத்தத்தில் பர்மா அரிசி நின்றதிலிருந்து கீழே நாமக்கல் பக்கத்திலேயே அரிசிக்கு அலைகிறார்கள். சாமை போனால் நம் ஊரில் ஒரு வீட்டிலும் உலை கிடையாது.

உன் மாமாவிடம் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். அவர் காட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஊர்க்கவுண்டரைக் கேக்காம அருவா வெக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

முறை உனக்குத் தெரியும். கவுண்டர் தன் காட்டில் முற்றிய கதிரை அறுத்து அம்மனுக்கு வைக்க வேண்டும். அதற்கு முன் ஊரில் யாரும் அறுக்கக் கூடாது. நான் அந்த முறையை ஒரு நாளும் மீறினவள் இல்லை. அம்மன் முகத்தைப் பார்க்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் நான். அவளுக்கு முன்னால் அருவாளை எடுக்கப் போகிறேனே என்று நினைத்தபோது புயலை விட அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

கவுண்டர் களத்தில் இருந்தார். நாலு பேர் கூட இருந்தார்கள். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா பொன்னாயி, பத்து நாள் நடந்தாலும் கண்ணுல படாத கடலு. அது எந்தப் பக்கம் ஓடுனா நம்ம சாமைக்கு என்ன? நீ கடலைப் பாத்திருக்கியா?"

"இல்லீங்க."

"அப்புறம்?"

"என் தம்பி பாத்திருக்கானுங்க."

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. வாயில் வந்துவிட்டது.

"தம்பியை வரச் சொல்லி எழுதுனப்போவும் நீ இப்படித்தான் அடிச்சுச் சொன்னே."

பொய்யா சொன்னார்? நீ அக்கரையில், யாழ்ப்பாணத்தில் இருந்தாய். தை கழிந்து நீர் வடக்கே திரும்பட்டும், அப்போது வாரேன் என்று எழுதியிருந்தாய். என் மகள், உன் மருமகள் காளியம்மாளுக்கு நம் மலையிலேயே குண்டனி நாட்டில் சம்பந்தம் முடிந்து, கார்த்திகையில் முகூர்த்தம். தாய்மாமன் இல்லாமல் எப்படி? "இங்கே மழை விட்டுவிட்டது, வானம் வெளுத்துவிட்டது, இனிப் பயமில்லை, புறப்பட்டு வா" என்று எழுதினேன். நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன் சாமி. ஆனால் வலது பக்கத்தை மட்டும் பார்த்தேன். இடது பக்கம் வன்னி முழு வேகத்தில் தெற்கே இறங்குகிற மாதம். நம் மலையில் மழை விட்டால் உலகம் முழுக்க விட்டதாக நினைத்தேன். என் வானத்தைப் பார்த்து உன் கடலை அளந்துவிட்டேன். நீ அக்கா பேச்சைத் தட்டாமல் ஒரு சின்னத் தோணியில் அந்த நீரை எதிர்த்து ஏறினாய்; கரை சேரவில்லை.

"ஆமாங்க" என்றேன் கவுண்டரிடம். "அப்போ வானத்தைப் பாத்துக் கடலுக்குச் சொன்னேன். இப்போ கடலைக் கேட்டு நமக்குச் சொல்றேனுங்க. இதுவும் தப்பாப் போகலாம்."

அவர் தலையைச் சொறிந்தார். "உன் காட்டை நீ அறுத்துக்கோ. அம்மனுக்கு நான் கதிர் வெக்கிற வரைக்கும் ஒரு மணி சாமைகூட ஊட்டுக்குள்ள போகக் கூடாது. வெளியிலதான் கெடக்கணும். மழை வந்தா உன் பாடு" என்றார்.

மூன்று நாளாக அறுத்தோம். கதிர்க்கட்டுகள் பலாமரத்துப் பக்கத்துப் பாறையில், திறந்த வெளியில் கிடந்தன. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "பொன்னாயிக்கா, பாறைக்குச் சாமை படையலா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் ஒரு நாளில் நூறு தடவை கிழக்கே பார்த்தேன். புயல் வரக் கூடாது என்று ஒரு தடவை வேண்டினேன். வந்துவிட வேண்டும் என்று ஒரு தடவை வேண்டினேன். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எதை வேண்டினாலும் யாரோ ஒருவர் வீட்டு உலையை அல்லவா கவிழ்க்கிறேன்?

இன்று காலை காற்று நின்றது. கொல்லி மலையில் காற்று நின்று நீ பார்த்திருக்கிறாயா? மிளகுக் கொடியில் ஓர் இலை அசையவில்லை. ஆகாய கங்கை அருவி விழுகிற சத்தம் ஏதோ வாசலிலேயே விழுவது போலக் கேட்டது. கவுண்டர் தனியாக வந்தார். பாறை மேல் ஏறி நின்று கிழக்கே வெகு நேரம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் நீலம். கையை நீட்டிப் பார்த்தார். வியர்வை முத்து முத்தாக நின்றது.

"ஐப்பசியில இப்படி வேர்த்தா நல்லதில்லே" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு குனிந்து என் கட்டிலிருந்து ஒரு பிடி கதிரை உருவினார். பாதி பச்சை, பாதி பழுப்பு. அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கோவில் பக்கம் நடந்தார்.

"அது முத்தலீங்களே" என்றேன் பின்னாலேயே ஓடி.

"அம்மனுக்குத் தெரியாதா?" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

கோவில் மணி கேட்டது. உன் மாமா முதல் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் மேலைக் காட்டில் அருவாள் சத்தம். பிறகு கீழைக் காட்டில். இப்போது ஊர் முழுக்க அறுக்கிறார்கள் கண்ணு. என்னைக் கேலி செய்தவளும் அறுக்கிறாள். அத்தனை வீட்டுச் சோற்றையும் என் நோட்டின் இடது பக்கத்தை நம்பி, முற்றாமல் அறுக்கிறார்கள்.

இத்தனை நாள் பட்டதெல்லாம் பயமே இல்லை. இப்போதுதான் பயம். புயல் வராவிட்டால் வரும் ஆடி வரை ஊரே அரைவயிறு. யாரும் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அதுதான் கொடுமை. வந்தாலோ, அந்தக் காற்று நம்மிடம் ஏறி வருவதற்கு முன்னால் கரையில் உன் கூட்டாளிகள் தலைமேல் அல்லவா அடிக்கும்? இதை வாசிக்கிறபோது கேட்டுக்கொள்ளுங்கள் அண்ணன்மார்களே, இந்த மாதம் தோணியை இறக்காதீர்கள். மலைக்காரி சொல்கிறாள் என்று சிரித்தாலும் பரவாயில்லை, இறக்காதீர்கள்.

அறப்பளீசுவரர் கோவில் வாசலில் மீனுக்குப் பொரி போடும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்வேன். அந்த ஐயாறுதான் அருவியாக விழுந்து, காவேரியில் கலந்து, கடலுக்கு வருகிறதாம். அங்கே அந்த வன்னி அதைக் கரையோடு வாரிக்கொண்டு தெற்கே, இலங்கையைச் சுற்றிப் போகும் என்று நீதான் எழுதினாய். நம் வாசலில் நான் கை கழுவிய தண்ணீர் உன்னைத் தாண்டித்தான் போகிறதா? தொட்டுவிட்டுப் போகிறதா?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நோட்டை விட மாட்டேன், இனி இரண்டு பக்கத்தையும் படிப்பேன். தை கழியட்டும். நீர் வடக்கே திரும்பட்டும். மாரிமுத்து "தெண்டி ஏறிருச்சுங்கம்மா" என்று வந்து சொன்ன பிறகு, மலை இறங்கி, நான் பார்த்தேயிராத அந்தக் கடலின் கரைக்கு வருவேன். ஒரு பிடி சாமையோடு நிற்பேன். அது உமியோ அரிசியோ, இந்த வருடம் விளைந்தது எதுவோ அது. இந்தத் தடவை நான் அவசரப்படுத்த மாட்டேன் சாமி. தண்ணீர் எப்போது கொண்டுவருகிறதோ அப்போது வா.

உன்னை அவசரப்பட்டுக் கூப்பிட்டவள்,
இனிமேல் காத்திருக்கப் போகிறவள்,
உன் கூடப் பிறந்த அக்கா
பொன்னாயி