உன் வீட்டுக்கு நான், என் வீட்டுக்கு நீ

இன்று காலை பப்பாளி நறுக்கப் போய் விரலை நறுக்கிக்கொண்டேன். பப்பாளிக்குச் சேதமில்லை. என் வீட்டுக்காரி அலமாரியிலிருந்து பேண்டேஜ் சுருளை எடுத்து, "ஊருக்கெல்லாம் கட்டுத்துணி செஞ்சு அனுப்புத மனுசன், ஒத்த விரலக் காப்பாத்தத் தெரியல" என்று திட்டிக்கொண்டே உறையைப் பிரித்தாள். பிரித்ததும் அந்த வாசனை வந்தது. வெளுப்பு மருந்தும் புதுப் பஞ்சும் கலந்த வாசனை. மற்றவர்களுக்கு அது கம்பெனி வாசனை. எனக்கு அது உன் வாசனை.

இராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் நீ துணி வெளுக்கும் பகுதியில் இருந்தாய், நான் தறிப் பகுதியில். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் ஞாயிற்றுக்கிழமை உனக்கு முன்னால் அந்த வாசனை கோயிலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். முன் பெஞ்சுக்காரர், கழிப்பறையைக் கழுவிவிட்டு எவனோ நேரே ஆராதனைக்கு வந்துவிட்டான் என்பதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். நீ என் காதில், "பரிசுத்தம்னா கொஞ்சம் நெடி அடிக்கத்தாம்ல செய்யும்" என்பாய். சிரிப்பை இருமலாக மாற்ற நான் படாத பாடு படுவேன்.

நீ போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. கட்டுப் போட்டு முடித்த பிறகும் விரலை மூக்கருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "என்ன, வலிக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். பொய்யில்லை.

நம்மைச் சேர்த்து வைத்தது ஒரு சீட்டு. ஈஸ்டருக்கு முந்தின ஒரு லெந்து காலத்தில் பழைய குருவானவர் சபையார் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டார். ஈஸ்டர் வரைக்கும் ஒருவருக்காக ஒருவர் தினமும் ஜெபிக்க வேண்டும். சபையில் கட்டிடம் அதிர ஜெபிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க, எனக்கு நீ வந்து வாய்த்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கும் அதே வருத்தம் இருந்தது.

ஈஸ்டர் முடிந்ததும் எல்லோரும் அந்த ஏற்பாட்டை மறந்துபோனார்கள். நீ விடவில்லை. கூடவே ஒரு சட்டமும் போட்டாய். "எவனும் அவனவன் வீட்டுக்குக் கேக்கக் கூடாதுடே. நம்ம வீட்டுக்கு நாமளே கேட்டா, கேக்கக் கேக்க ஆச வந்துருது. பொறவு அவருட்டயே பேரம் பேச ஆரம்பிச்சிருதோம். உன் வீட்டுக்கு நான் கேக்கேன். என் வீட்டுக்கு நீ கேளு." எனக்கு அது வசதியாகப் பட்டது. வீட்டுப்பாடக் கணக்கைப் பக்கத்துப் பெஞ்சுக்காரனிடம் கொடுத்துப் போட வைத்தே பத்தாவது வரைக்கும் வந்தவன் நான். ஜெபத்தையும் அப்படியே உன்னிடம் கொடுத்துவிட்டேன்.

கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கும் பழக்கம் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் ஆரம்பித்தது. ஒரு விடுமுறை நாளில் இரண்டு குடும்பமும் ஓடையில் குளித்துவிட்டு, சோற்றுப் பொட்டலங்களைப் பரப்பி உட்கார்ந்தோம். என் மகள் பியூலா அப்போது ஐந்தாம் வகுப்பு. நீ என்னை ஜெபிக்கச் சொன்னாய். அன்றைக்கு என்னவோ எனக்கு வார்த்தை பொங்கிக்கொண்டு வந்தது. மலையில் தொடங்கி, மரங்களுக்கு வந்து, மீன்களுக்காக நன்றி சொல்லிக்கொண்டிருக்கையில் பியூலா கத்தினாள். கண்ணைத் திறந்தால், எலுமிச்சைச் சோற்றோடு ஒரு தாட்டியான குரங்கு பாறைமேல் இருக்கிறது. முட்டைகளெல்லாம் அதன் குடும்பத்தாரிடம். வனத்துறைக் காவலர் ஒருவர் தூரத்திலிருந்து, "சாமி கும்பிடுங்க, வேண்டாங்கல. ஒரு ஆளாச்சும் முழிச்சிருக்க வேண்டாமாய்யா?" என்றார். நீ குரங்கைக் கையெடுத்துக் கும்பிட்டு, "இவன் ஜெபத்துக்கு ஒடனே பலன் கெடச்சது ஒனக்குத்தான்" என்றாய். தங்கச்சி, அதான் உன் மனைவி, சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலும் ஓடையோடு போய்விட்டது.

அடுத்த வேலை நாளிலிருந்து பஸ்ஸில் கண் திறந்த ஜெபம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி இராஜபாளையத்தில் இறங்குவதற்குள் இரண்டு வீடும் முடிந்துவிடும். வெளியே பார்த்தபடி, பக்கத்து ஆளிடம் பேசுகிற குரலில் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் வரவில்லை. "கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே, இந்த நல்ல காலை வேளைக்காக" என்று இழுத்தேன். "ஏலே, கலெக்டருக்கு மனுவா எழுதுத? என் மவனுக்குக் காய்ச்சல். அதச் சொல்லு" என்றாய். "ஆண்டவரே, இவன் மவனுக்குக் காய்ச்சல்" என்றேன். பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் உன்னைப் பார்த்தேன். "அம்புட்டுத்தான். அவருக்குத் தெரியாதா மிச்சம்?" என்றாய். உன் முறை வந்தது. "ஆண்டவரே, இவன் மவளக் கணக்குல பாஸாக்கி விடும். இவன் ரத்தம், கஷ்டந்தான். இருந்தாலும் பாரும்."

கண்டக்டர் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார். "யார்ட்டய்யா பேசிட்டு வாரீய ரெண்டு பேரும்?" நீ மேலே விரலைக் காட்டினாய். அவர் நிமிர்ந்து, சாமான் வைக்கும் பலகையைக் கவனமாகப் பார்த்தார்.

நீ ஒன்றும் பரிசுத்தவான் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். உன் அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த வாரம், "இன்னிக்கு நான் அவரோட பேசல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுநாளும் பேசவில்லை. நான் மட்டும் உன் வீட்டுக்கு எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். ஒரு காலையில் டிக்கெட் வாங்கி முடித்ததும், "சரி ஆண்டவரே, விட்ட எடத்துல இருந்து" என்று ஆரம்பித்தாய். அவரும் அங்கேயே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தவர் மாதிரி.

உனக்கு நெஞ்சடைத்தபோது மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்தான் கேட்டேன். உன் வீடு என் பொறுப்பு, உன் உயிரும் அதில் சேர்த்திதானே. கண்ணைத் திறந்தும் கேட்டேன், மூடியும் கேட்டேன், கலெக்டர் மனு மாதிரியும் கேட்டேன். கிடைக்கவில்லை. தங்கச்சி என் பக்கம் வந்து, "அண்ணே, நீங்க கேட்டீய. எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவள் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

இப்போதும் அதே பஸ்தான். உன் வீட்டுப் பங்கை நான் விடவில்லை. தங்கச்சியின் முழங்கால் வலி, உன் மகன் பார்க்கப் போகிற வேலை, எல்லாம் சொல்லுகிறேன். பழக்கம் சொல்ல வைக்கிறது. கேட்கப்படுகிறது என்கிற நினைப்பு இல்லை. அது முடிந்ததும் என் வீட்டின் முறை வருகிறது. அங்கே நீ பேச வேண்டும். நான் நகத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

புதுக் குருவானவரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆண்டவரோட ஐக்கியம் அத்துப்போகாமப் பாத்துக்கணும் பிரதர். அதிகாலையில எந்திரிங்க, வேதம் வாசிங்க" என்றார். நல்ல மனிதர். எழுந்தேன், வாசித்தேன். கண் வரிகளின்மேல் நடந்து உள்ளே போயிற்று, நான் வாசலிலேயே நின்றேன். உபவாச ஜெபத்துக்கும் போனேன். எல்லோரும் கண்ணீர் விட்டபோது எனக்கும் வந்தது. அடுத்த கட்டிடத்தில் ஓட்டல்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

நம் கட்டிங் பகுதி ஸ்டெல்லாக்காவுக்கு என் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது. அவர்கள் கத்தோலிக்கர். "அவுகளையே கூப்பிட்டுச் சொல்லுங்க தம்பி. அங்கன இருந்து உங்களுக்காகப் பேசுவாக. நாங்க அப்பிடித்தான்" என்றார்கள். எங்கள் சபையில் செத்தவர்களைக் கூப்பிட்டு ஜெபிக்க அனுமதியில்லை என்றேன். "அப்ப எங்க கோயிலுக்கு வந்து சொல்லிட்டு ஓடிருங்க. யாரு பாக்கப் போறா?" என்றார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். ஆகவே நண்பா, இதை ஜெபமாக எடுத்துக்கொள்ளாதே. எனக்குச் சபையில் வம்பு வரும்.

மெதுவாகத்தான் விளங்கியது. எனக்கு எதுவுமே அப்படித்தானே. இத்தனை வருஷம் நான் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன். உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். நீ அவரோடு பேசினாய், நான் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். நீ இறங்கிப் போனதும் அந்தச் சீட்டில் நீ மட்டுமில்லை, அவரும் நானும் சேர்த்து மூன்று பேருமே இல்லாமல் போய்விட்டோம்.

போன மாதம் பியூலா கிளம்பினாள். நர்ஸ் வேலை, மஸ்கட்டில். வெளியூர் போகிறவர்களை வாசலில் நிறுத்தி, தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்புவது நம் வீடுகளின் வழக்கம். எங்கள் வீட்டில் அதைச் செய்தவன் நீ. பத்தாவது பரீட்சைக்குப் போனபோதும், நர்சிங் படிக்கப் போனபோதும் அவள் தலையில் உன் கைதான் இருந்தது. நான் பெட்டி தூக்கிக்கொண்டு நிற்பேன். தகப்பன் வேலையில் எனக்கு ஒழுங்காக வந்தது பெட்டி தூக்குவதுதான்.

அன்று சாயங்காலம் பெட்டிகள் ஆட்டோவில் ஏறிவிட்டன. வாசலில் பியூலா தலையைக் குனிந்து நின்றாள். என் வீட்டுக்காரி என் நிலைமை தெரிந்து, "நான் பண்ணட்டா?" என்றாள்.

"இல்லம்மா. அப்பா பண்ணட்டும்" என்றாள் பியூலா. "மாமா இல்லல்ல. இனிமே அப்பாதான்."

கை வைத்தேன். எண்ணெய் தேய்த்து இறுக்கி வாரிய தலை. உள்ளங்கைக்குக் கீழே சூடாக இருந்தது. அந்த ஊரில் இவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் நெற்றியில் யார் கை வைப்பார்கள் என்று நினைத்தேன். "ஆண்டவரே" என்றேன்.

அதற்குமேல் வரவில்லை. கலெக்டர் மனுகூட வரவில்லை. அந்தப் பக்கம் யாரும் இருப்பதாகவே தோன்றவில்லை. மூடிக் கிடக்கிற வீட்டின் கதவைத் தட்டிவிட்டு நிற்கிற மாதிரி நின்றேன். "சொல்லுங்க" என்று என் வீட்டுக்காரி கிசுகிசுத்தாள். ஆட்டோ சீனிவாசன், நம் தெருக்கோடி நாயுடு வீட்டுக்காரர், வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, ரயிலு நமக்காக நிக்காது பாத்துக்கிடுங்க" என்றார். ஒன்றுமே கேட்காமல் எதற்கு ஆமென் சொல்வது? ஆமென் சொல்லாமல் கையை எப்படி எடுப்பது? இரண்டும் தெரியாமல் கை பாட்டுக்கு அங்கேயே இருந்தது.

பியூலா ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வரலயாப்பா?"

"வரலம்மா."

"சரி" என்றாள். சொல்லிவிட்டு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி அப்படியே நின்றாள். அவசரப்படவில்லை. சீனிவாசன் ஹாரன் அடித்தார். செத்த நேரம் கழித்து அவளே என் கையைத் தலையிலிருந்து எடுத்து, ஒரு அழுத்து அழுத்தி விட்டுவிட்டு, ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். ஸ்டேஷனில் பெட்டிகளை நான்தான் தூக்கி ஏற்றினேன். ரயில் போய்விட்டது.

நீ இருந்திருந்தால் இதற்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய். நான் சிரித்திருப்பேன், காரியம் லேசாகியிருக்கும். எனக்கு அந்த மாதிரி வார்த்தை எதுவும் அகப்படவில்லை. ஆறுதல் என்று எதையும் இங்கே எழுதப் போவதில்லை. அன்றிலிருந்து பஸ்ஸில் என் வீட்டின் முறை வரும்போது "ஆண்டவரே" என்று சொல்லி, அங்கேயே நின்றுவிடுகிறேன். எதிர்ப்பக்கம் ஆள் இல்லை என்றுதான் முக்கால்வாசி நாள் படுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பியூலா போனில் பேசினாள். சாப்பாடு, வெயில், கூட வேலை பார்க்கிற பெண்கள் எல்லாம் சொல்லிவிட்டு, "அப்பா, அன்னிக்கு நீங்க ஆமென் சொல்லவே இல்லையே" என்றாள். இல்லை என்றேன். "அப்ப நான் இன்னும் குனிஞ்சுதான் நிக்கேன், பாத்துக்கோங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்த பிறகு வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தேன். அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல், கொஞ்ச நேரம் அப்படியே நீட்டி வைத்துக்கொண்டிருந்தேன்.