அப்பா பெயரில் போன ரத்தம்

அன்பு மகள் சியோமாராவுக்கு,

கோஸ்டாரிகாவில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் எத்தனை பேர் சுகம் என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். நீ பயப்படாதே, உனக்கும் சேர்த்து நானே பயந்துகொண்டிருக்கிறேன்.

கரும்பு வெட்டு தொடங்குகிறது அல்லவா, ஆலையில் ரத்தம் எடுத்து, கிட்னி கெட்டால் ஏறுமே அந்தக் கிரியாட்டினின் எண்ணைப் பார்த்துத்தான் ஆள் சேர்க்கிறார்கள். நம் தெருவில் மட்டும் கிட்னி கெட்டு வீட்டோடு கிடப்பவர்கள் ஏழு பேர். முன்பு பத்து மணி வரை தாங்கும், இப்போது ஏழு மணிக்கே கரும்புக்குள் அடுப்பு மாதிரி காந்துகிறது. போன வருடம் இரண்டு தடவை வயலில் விழுந்த உன் அப்பா, வேலை போய்விடும் என்று, தன் அடையாள அட்டையைக் கொடுத்து உன் ஞானத்தகப்பன் எலிசியோவை அனுப்பினார். “கொம்பாத்ரே, நீ ரொட்டி சுடுறவன், வெயிலே படாதவன், உன் ரத்தம் பால் மாதிரி இருக்கும்” என்றாராம். அவரும் “தொப்பியப் போட்டா நாம ரெண்டும் ஒரே கழுதைதான்” என்று போய்க் கையை நீட்டிவிட்டார். ஊரில் பாதிப் பேர் செய்வதுதானே என்று நானும் சிரித்தேன், மறைக்க மாட்டேன்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. எண் இரண்டு புள்ளி எட்டு, இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், உன் அப்பாவுக்கு வேலை இல்லை. ஆலைக்காரன் பொய் சொல்கிறான் என்று குதித்தார். “யோவ், அது உன் ரத்தமே இல்லையே” என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெயில் படாதவர்தான், ஆனால் தகரக் கூரைக்குக் கீழே, அந்த ரொட்டி அடுப்புக்கு முன்னால் எலிசியோ தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. நான்தான் போய்ச் சொன்னேன். மாவு பிசைந்த கையோடு நின்றார். “அப்ப ஃபௌஸ்தோவோடது எவ்வளவு?” என்று உன் அப்பாவைப் பற்றி மட்டும் கேட்டார். அது யாருக்கும் தெரியாது மகளே.

உன் அப்பா வேறு ஆலைக்கு, வேறு யார் அட்டையிலோ போகப் பார்க்கிறார். வெட்டுக்கத்தியை எலிசியோ கடை மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். வியாழக்கிழமை இரண்டு பேரும் ரத்தம் பார்க்கச் சுகாதார நிலையத்துக்குப் போகிறார்கள், அட்டைகளோடு நான் பின்னால் நடப்பேன். வெள்ளிக்கிழமை போன் செய். நல்லாயிருக்கேன் என்று அப்பா சொன்னால் நம்பாதே, எண்ணைக் கேள். அவர் சொல்லும் எண்ணையும் நம்பாதே, போனை என்னிடம் தரச் சொல்.

கன்னி மரியாள் உன்னைக் காக்கட்டும். நீயும் அன்னாசித் தோட்டத்து வெயிலில் நிற்பவள், தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடி. ரத்தம் கேட்டால், உன் ரத்தத்தை உன் பெயரிலேயே கொடு.

இரண்டு அட்டைகளையும் மடியில் கட்டி வைத்திருக்கும்
உன் அம்மா அசுசேனா