உங்கள் அறைக்கு நீலம் அடிக்கச் சொல்லிவிட்டேன்

அன்பான எங்க வீட்டு அவுகளுக்கு,

உங்களை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் எழுத வரவில்லை, கோவிச்சுக்காதீங்க.

தலைத் திவசம் முடிந்தது. துக்க வருசத்தில் சுவரைத் தொடக்கூடாது என்று வீட்டை அப்படியே போட்டிருந்தோம். இப்போது பெயிண்டர் சூசை வந்திருக்கிறார். உங்கள் அறை இனி நம் பேத்தி தேன்மொழிக்கு. நர்ஸ் ஆகிவிட்டாள், தெரியுமா? புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது தெருவே திரும்பிப் பார்க்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

பகலில் தூங்க வேண்டும், அதனால் கருநீலம் கேட்டாள். எனக்கு வெளிர் சந்தனம்தான். சூசை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் முழ அகலம் அடித்துக் காட்டினார். சந்தனத்தில் ஜன்னல் வெயில் பட்டு அறையே பெரிசாகத் தெரிந்தது. நீலமோ உச்சிப் பொழுதிலும் பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. “கெணத்துக்குள்ள எட்டிப் பாத்த மாதிரில்ல இருக்கு” என்று நொடித்தேன். துக்கம் கழித்து அடிக்கிற முதல் கலர் மங்கலமாக இருக்கணும் என்றும் சொல்லி வைத்தேன்.

அது பொய். உங்களிடம் மறைக்க முடியுமா? கட்டிலில் சாய்ந்து உட்காருவீர்களே, அந்த இடத்தில் உங்கள் தலை எண்ணெய் சுவரில் வட்டமாகப் படிந்திருக்கிறது. சூசை அதைப் பார்த்துவிட்டு, “சந்தனம் அடிச்சா இந்தக் கறை ரெண்டே மாசத்துல மேல வந்துரும் ஆத்தா. நீலத்துல தெரியாது” என்றார். அவர் குறையாகச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

தேன்மொழி கண்டுபிடித்துவிட்டாள். “சந்தனமே அடிக்கட்டும் அப்பத்தா. தாத்தா அங்கிட்டு இருந்துட்டுப் போகட்டும். நான் எப்படியாச்சும் தூங்கிக்கிறேன்” என்றாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட எழுப்பப் போனேன். கண்ணில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்கவில்லை, கால் விரல் அசைந்துகொண்டே இருந்தது. ராத்திரி பூரா யார் யார் வீட்டு நோயாளிக்கோ விழித்திருந்த பிள்ளை. நீங்கள் இருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பீர்கள்?

நேரே திண்ணைச் சுவரில் வேலையாக இருந்த சூசையிடம் போய், உங்கள் அறைக்கு நீலமே அடிக்கச் சொன்னேன்.

“கெணறுன்னீகளே ஆத்தா?”

“கெணத்துக்குள்ளதானய்யா குளுகுளுன்னு இருக்கும். அடி.”

அடிக்கும் முன் அந்த வட்டத்தில் ஒரே ஒரு தடவை என் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

இனி அவள் தூங்கும் நேரத்தில் வாசலில் ஒருத்தரையும் சத்தம் போட விடமாட்டேன். சுவரைத் தடவிப் பார்க்க நானும் உள்ளே போக மாட்டேன். உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
தேன்மொழியின் அப்பத்தா