ஒயின் பாட்டிலில் நன்னாரி

மே 18, இரவு.

நாட்டு மக்களுக்கு அறிவிப்பு: அக்காவும் மச்சானும் ஆவூர் நண்பர் வீட்டில் வாங்கிவந்த திராட்சை ஒயின், என் கைவரிசையால் நன்னாரி சர்பத் ஆகிவிட்டது.

அவர்களுடைய கார் பயணத்தில் நானும் ஒட்டிக்கொண்டேன். சித்தன்னவாசல் மலை ஏறி இறங்கி, சாயங்காலம் கூடாரம் போட்டதும் மச்சான் ஒரு மடக்கு குடித்தார்.

"சுர்ருனு ஏறுதுடா மாப்ள!"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இரண்டாவது டம்ளரில் அவர் அக்காவைப் பார்த்து அழுதார். "துபாய் வேலை போயிருச்சு புள்ள. லீவுன்னு பொய் சொல்லிட்டேன்."

அக்கா பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்தாள். என்னை முறைத்தாள். பிறகு அவர் டம்ளரை நிரப்பினாள்.

"நல்ல போதைதாங்க. இன்னும் என்ன மறைச்சிருக்கீங்க, சொல்லுங்க."

ஊரையே ஏமாற்றுவேன் என்று பீற்றிக்கொள்பவன் நான். அக்காவிடம் ஒரே வாயில் மாட்டிக்கொண்டேன். டம்ளர் நிரம்பி வழிந்தும் அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பே வரவில்லை.