அண்ணன் வண்டிக்கு வந்து சேர்ந்த ராடு

பாசமுள்ள என் அண்ணனுக்கு, தங்கச்சி மைமூனின் ஸலாம்.

உங்களை அடக்கிய மையவாடிக்கு வந்து உங்கள் தலைமாட்டில் நின்று ஸலாம் சொல்ல ஆம்பளைகளுக்குத்தான் வழி இருக்கிறது. உங்கள் மச்சான், என் வீட்டுக்காரர், அடிக்கடி போய் வருகிறார். அங்கே என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், துவா செய்தேன், வேறென்ன என்கிறார். எனக்குச் சொல்ல இருப்பது துவாவில் அடங்காது அண்ணே. அதனால் மதியம் ஆள் வராத நேரமாகப் பார்த்து நம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன். யார் கண்ணில் பட்டாலும் படட்டும். இதில் ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை. நம் கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு எல்லாம் பாதி தெரிந்த கதைதான்.

முதலில் சேதி. உங்கள் வண்டிக்கு ராடு வந்துவிட்டது.

கேட்டால் சிரிப்பீர்கள். போன மாசம் மதுரை பார்சலைப் பிரித்தேன். மேலே கேபிளும் பல்பும், அடியில் எண்ணெய்த்தாள் சுற்றிய இஞ்சின் கனெக்டிங் ராடு. புத்தம் புதுசு. ஒரிஜினல். அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, பின்னால் ஷெட்டிலிருந்து உங்கள் மச்சான் எட்டிப் பார்த்து, "என்ன, உடைஞ்சு வந்துருக்கா?" என்றார். ராடு உடையவில்லை.

நீங்கள் அந்த வண்டியை எதற்கு வாங்கினீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஜமீலாவை வ. புதுப்பட்டியில் கட்டிக் கொடுத்தீர்கள். ஶ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் தையல் கடையை அடைத்துவிட்டு ராத்திரி கிளம்பினால் அங்கே போகப் பஸ் இருக்கும், திரும்ப இருக்காது. மகளை நினைத்த நேரத்தில் பார்த்து வரத்தான் இன்னொருத்தர் ஓட்டிய பைக் என்றாலும் பரவாயில்லை என்று வாங்கினீர்கள். கம்பெனிக்காரன் அந்த மாடலையே நிறுத்தப்போகிறான் என்று யார் கண்டது?

பேரன் பிறந்து, நாற்பதாம் நாள் முடிந்து, ஜமீலா பிள்ளையோடு புகுந்த வீட்டுக்குப் போனாள். மாமியார் படுக்கையில் இருந்ததால் அவளால் நினைத்தபடி வர முடியாது. நீங்கள்தான் போக வேண்டும். சரியாக அந்தச் சமயம் பார்த்து இஞ்சின் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஶ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மினி லாரியில் ஏற்றி இங்கே ராஜபாளையத்தில் நம் ஷெட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். ராடு போச்சு மச்சான், மதுரைக்கு எழுதிப் போட்டா அடுத்த வாரம் வந்துரும் என்றார் இவர்.

அந்த அடுத்த வாரம் இருக்கிறதே, அதை நம்பி இந்தப் பெஞ்சில் எத்தனை பேர் குடும்பம் நடத்தினார்கள். மதுரையில் கேட்டால் கம்பெனியிலிருந்தே வரவில்லை என்பார்கள். கம்பெனிக்கு எழுதினால் பதிலே வராது. வண்டியை விற்கும்போது மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கும்பிட்டு அனுப்புகிறான், சாமான் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று வாத்தியார் ஒருவர் என்னைப் பார்த்துக் கத்துவார். ஏதோ நான்தான் அந்த ஃபேக்டரியை நடத்துகிறமாதிரி.

நீங்கள் மட்டும் கத்தவில்லை. சட்டைப்பையில் இன்ச் டேப்பை வைத்துக்கொண்டு, கோபத்தில் நின்றவர்களிடம் பேச்சுக் கொடுத்து, கையைத் தூக்குங்க என்று சட்டைக்கு அளவெடுத்துவிடுவீர்கள். அந்த வாத்தியார் இன்னமும் நீங்கள் தைத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்து என்னைத் திட்டுகிறார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வந்தது ஒரு சாமான், கேட்பவர் இரண்டு பேர் என்றால், அன்னியருக்குத்தான் முதலில். அன்னியர் சத்தம் போடுவார், ஊரெல்லாம் பேர் கெடுப்பார். சொந்தக்காரர் பொறுத்துக்கொள்வார். சாமான் இல்லாமல் ஷெட்டில் கிடக்கிற வண்டி சொந்தக்காரருடையது என்றால், அதில் நல்லாயிருக்கிற உருப்படியையும் கழற்றி அடுத்தவர் வண்டியில் மாட்டலாம். நம்மாள்தானே. இந்த ஒரு வார்த்தையில் உங்கள் வண்டியை எலும்பும் தோலுமாக ஆக்கினோம் அண்ணே.

முதல் ராடு வந்தபோது நீங்கள் பெஞ்சில்தான் இருந்தீர்கள். வத்திராயிருப்புப் பால்காரருக்கும் அதே மாடல், அதே கோளாறு. பால் கெட்டால் அவ்வளவையும் ஓடையில் கொட்ட வேண்டியதுதான் என்று அவர் புலம்பினார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

"கொடும்மா. அவருக்குப் பொழப்பு. எனக்கு என்ன, பேரனைப் பாக்கத்தானே. பொறவு பாத்துக்கலாம்."

இரண்டாவது ராடு வந்தபோது நீங்கள் இல்லை. ஒரு கல்யாண மாப்பிள்ளையின் அம்மா வந்து கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுவீட்டுக்குப் பெண்ணைப் பஸ்ஸில் கூட்டிப் போனால் சம்பந்தி வீட்டில் கேவலமாகப் பேசுவார்கள் என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் கேட்கக்கூட இல்லை. அந்த வெள்ளிக்கிழமை வந்தீர்கள். சொன்னேன். கொஞ்ச நேரம் இன்ச் டேப்பை விரித்துச் சுருட்டிக்கொண்டிருந்துவிட்டு, மாப்பிள்ளைக்குச் சட்டை யார் தைக்கிறார்கள், அதையாவது நமக்குத் தரச் சொல்லு என்று சிரித்தீர்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் இப்போது என்னை அறுக்கிறது.

கார்புரேட்டர் யாருக்கோ போனது, கிளட்ச் பிளேட் யாருக்கோ போனது. அதெல்லாம்கூட வழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். வழக்கத்தின் தலையில் போட முடியாத ஒன்று இருக்கிறது.

உங்களுக்கு வாரத்தில் ஒரே நாள்தான் ஓய்வு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பஸ் ஏறி ராடு வந்துவிட்டதா என்று கேட்க இங்கே வருவீர்கள். உங்கள் கடைக்குப் பக்கத்திலேயே எஸ்.டி.டி. பூத். எங்கள் எதிர்க்கடையில் ஃபோன். இந்த வாரமும் வரவில்லை அண்ணே, நீங்கள் பகல் பஸ்ஸிலேயே புதுப்பட்டிக்குப் போய்ப் பேரனைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமையே எனக்குத் தெரிந்துவிடும், பார்சலில் இல்லை என்று. தெரிந்தும் சொல்லவில்லை.

ஏன் தெரியுமா? நீங்கள் வருவது எனக்குப் பிடித்திருந்தது.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபிறகு நீங்கள் பெருநாளுக்கு வருவீர்கள், போவீர்கள். வாராவாரம் என் அண்ணன் என் எதிரே உட்கார்ந்து, நான் எடுத்துவைத்த சோற்றைத் தின்று, நம் அத்தாவைப் பற்றியும் சின்னதில் நான் போட்ட சண்டைகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தது அந்த ராடு வராத நாட்களில்தான். ராடு வந்துவிட்டால் நீங்கள் புதுப்பட்டிப் பக்கம் போய்விடுவீர்கள் என்று ஒரு மூலையில் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இரண்டாவது ராடை அந்தம்மாவிடம் கொடுத்தபோது அந்த நினைப்பு என் மனசில் இல்லையா? இருந்ததா? எத்தனை தடவை கேட்டுப் பார்த்தும் எனக்கே பதில் தெரியவில்லை.

இங்கே உட்கார்ந்துதான் சொல்வீர்கள். பேரன் குப்புற விழுந்துவிட்டானாம், ஜமீலா சொல்லிவிட்டாள். உட்கார்ந்துவிட்டானாம். பல் வந்திருக்கிறதாம். எல்லாமே 'ஆம்' போட்டுத்தான். ஒன்றையாவது நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? நானும் 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டு உங்களுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

அப்படி ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டீர்கள். மறுநாள் நீங்கள் இங்கே வர வேண்டிய வெள்ளிக்கிழமை. உங்கள் மையத்தைப் பார்க்க நான் அங்கே வந்தேன்.

தெருவில் நிறைய வண்டி நின்றது. பால்காரர் வந்திருந்தார். அந்தக் கல்யாண மாப்பிள்ளையும் வந்திருந்தான். அண்ணாச்சி கொடுத்த சாமான்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பால்காரர் வண்டியைத் தொட்டுக் காட்டி அழுதார். நல்ல மனுஷர். ஆனால் எனக்கு அந்த இரண்டு வண்டியையும் எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது.

ஜமீலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் முகத்தைக் காட்டினாள். அவன் பார்த்தான். பிறகு யாரோ என்று முகத்தைத் திருப்பி அவள் தோளில் புதைத்துக்கொண்டான். அவனுக்கு உங்களை அடையாளம் தெரியவில்லை அண்ணே.

என் பக்கத்தில் இருந்த புதுப்பட்டிப் பொம்பளை, ஜமீலாவின் பெரிய மாமியார், இன்னொருத்தியிடம் மெதுவாகச் சொன்னாள். "பேரன் பொறந்து ஒரு வருஷமாகப் போகுது, எம்புட்டுத் தடவ வந்துருப்பாருங்க? சில பேருக்குப் பாசம் அம்புட்டுத்தான்."

காதில் விழுந்தது. வாயைத் திறக்கவில்லை. மையத்து வீட்டில் சண்டை எதற்கு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். பயந்துதான் பேசாமல் இருந்தேன். பேசியிருந்தால் ஏன் வரவில்லை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த ராடு வந்த சேதியை அண்ணிக்குச் சொல்லிவிட்டேன். அண்ணி என்ன சொன்னார்கள் தெரியுமா? "இனி யாரு ஓட்டப் போறா? அவசரமுன்னு யாராச்சும் கேட்டா கொடுத்துரு. அவிய இருந்தா அதத்தான் செஞ்சுருப்பாக." கோபமே இல்லாமல் சொன்னார்கள். கோபப்பட்டிருக்கலாம்.

சொல்லிவைத்தமாதிரி மறுநாளே மகாராஜபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். உங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தவர்தான். மாந்தோப்பு காய்ப்பில் இருக்கிறது, வண்டி இல்லாமல் காவலுக்குப் போய்வர முடியவில்லை, ராடு வந்திருக்கிறதாமே என்றார். கொடுக்க முடியாது, இது எங்கள் அண்ணன் வண்டிக்கு என்றேன். செத்துப்போனவர் வண்டிக்கா என்று அவர் கேட்கவில்லை. பாவம், அந்த மட்டுக்கு மரியாதை தெரிந்தவர்.

"உங்க அண்ணன் இருந்தா கொடுத்துருப்பாகம்மா" என்றார்.

"ஆமா, கொடுத்துருப்பாக. அதான் நான் கொடுக்கல."

அவர் போய்விட்டார். அவருக்கும் பொழப்புதான். நான் செய்தது உங்களுக்கு நியாயமா, இல்லை உங்கள் பேரைக் கெடுத்ததா? நீங்கள் முகம் சுளித்திருப்பீர்கள், தெரியும். சுளித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவையாவது உங்கள் வண்டி முன்னால் போகட்டும்.

உங்கள் மச்சான் இரண்டு நாள் வேறு வேலை தொடாமல் இஞ்சினை இறக்கி ஏற்றினார். கழற்றிக் கொடுத்ததற்கெல்லாம் மாற்றுச் சாமான் தேடிப் பிடித்து மாட்டியிருக்கிறார். வண்டி ஓடுகிறது. மருமகன் வந்து எடுத்துப் போக நாள் சொல்லியிருக்கிறார். வாராவாரம் ஜமீலாவையும் பிள்ளையையும் அண்ணியிடம் கூட்டிவருவதாகச் சொல்கிறார். நல்ல பையன், செய்வான்.

அதற்கு முன்னால் நான் புதுப்பட்டிக்குப் போகிறேன் அண்ணே. வருகிற வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, பஸ்ஸில் போகிறேன். அந்தப் பெரிய மாமியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, நாலு பேர் காதில் விழுகிறமாதிரி சொல்லப்போகிறேன்: எங்க அண்ணன் பாசமில்லாம வராம இருக்கல, வரவேண்டிய நாளெல்லாம் நான்தான் அவரை என் கடையில் உட்கார வைத்துக்கொண்டேன் என்று. காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு சொல்வேன். உங்கள் பேரனுக்குப் பேச்சுப் புரிகிற வயசு வந்ததும் அவனிடமும் சொல்வேன். உன் நன்னா உன்னைப் பார்க்க வாரா வாரம் கிளம்பினார்டா, பாதி வழியில் நான் பிடித்துக்கொண்டேன் என்று.

அவன் என்னை வெறுத்தால் வெறுத்துவிட்டுப் போகட்டும். உங்களை வெறுக்கக் கூடாது.

உங்களோடு உடன்பிறந்து, உங்களைப் பங்குபோட மனசில்லாமல் போன தங்கச்சி,
மைமூன்