ஈரமாய்க் கொண்டுபோன பை

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றைக்கும் விழுந்தேன். டுரியான் துங்காலுக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம், மழையில் ஊறிய மண், நடுவே ஒரு கால்வாய். சாக்கில் கட்டிய காட்டுப்பன்றித் தொடை என் தோளில். மேலே தொடை, நடுவில் நான், கீழே சேறு என்றிருந்த வரிசை ஒரு நொடியில் மாறிப்போனது.

துப்பாக்கி லைசென்ஸ் பிச்சைமுத்து அண்ணனுடையது, சுடுவது அவர். வண்டி கோகுலராஜுடையது, ஓட்டுவது அவன். மூன்றாவது ஆளான எனக்கு இருப்பது முதுகு மட்டும். அதுவும் ஐம்பத்து மூன்று வயது முதுகு.

“பன்னிய நான் ஒரு தடவதான் கொன்னேன். நீ இன்னொரு தடவ கொன்னுட்டியேப்பா,” என்றார் அண்ணன். கோகுலராஜ் வீடியோ எடுத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் குருபோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கப் பார்த்துவிட்டது. விழுந்தால் என்ன கிடைக்கும் என்று ஊருக்கே விளக்கி இன்சூரன்ஸ் விற்கிறவன் நான். விழுந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டில் மனைவி விஜயராணியின் விதி: பன்றிக்கறி சமையலறைக்குள் வரக்கூடாது. பின்வாசலில் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனி அகப்பை. தின்றவன் குளித்த பிறகுதான் சாமி அறைப் பக்கம் போகலாம்.

“சட்டியக்கூட நாடு கடத்துவியா?” என்று சிரித்தேன்.

“இப்போதைக்குச் சட்டிய மட்டும்தான்,” என்றாள்.

ஏப்ரல் 19, சனி

கோகுலராஜ் போனில் ஒன்று காட்டினான். முதுகில் மாட்டும் அலுமினியச் சட்டகம். தோள்வார், இடுப்புப் பட்டை, கீழே கறியைத் தாங்க ஒரு மடக்குத் தட்டு. காட்டுக்குள் போகும்போது தண்ணீர், கத்தி, கயிறு வைத்த பையை அதில் மாட்டிக்கொள்ளலாம். திரும்பும்போது பையைக் கொஞ்சம் வெளியே தள்ளி, சட்டகத்துக்கும் பைக்கும் நடுவில் கறியை வைத்து இறுக்கலாம்.

“மாடுலர்ணே. வேணுங்கிறத மாட்டலாம், வேணாங்கிறத கழட்டலாம் லா.”

உடனே ஆர்டர் போட்டேன். படத்தில் அதைச் சுமந்து நின்ற வெள்ளைக்காரனுக்கு வயிறே இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

வந்துவிட்டது. எலும்புக்கூடு மாதிரி சட்டகம் மட்டும். படத்தில் இருந்த பை படத்துக்காகவாம். தனியாக வாங்க வேண்டுமாம். கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களை வைத்துத்தான் நான் இருபது வருடமாகச் சாப்பிடுகிறேன்.

மாட்டிப் பார்த்தேன். எடை தோளில் உட்காரக்கூடாதாம், இடுப்பு எலும்பில் உட்கார வேண்டுமாம். எலும்பைத் தேடினோம். விஜயராணி விரலால் குத்திக் குத்திப் பார்த்தாள்.

“இங்கதான் எங்கயோ இருக்கும். கல்யாணத்தப்ப இருந்திச்சு.”

ஏப்ரல் 26, சனி

பை தைக்கத் தஞ்சோங் கிளிங் போனேன். அப்துல் லத்தீப் என் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. கடற்கரைச் சாலையில் கித்தான் கடை. படகுக்கு, லாரிக்கு, பந்தலுக்கு எல்லாம் அவன் தையல்தான். சட்டகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

“இது எதுக்குடா?”

“காட்டுக்கு.”

“காட்டுல என்ன?”

“கறி சுமக்க.”

“மானா?”

“ம்,” என்றேன்.

இதைப் பொய் என்று சொல்ல முடியுமா? ‘ம்’ ஒரு வார்த்தைகூட இல்லையே. என் தொழிலில் இதைவிடச் சின்னதாக ஒன்றும் விற்க முடியாது. மானுக்குப் பெர்மிட் கிடைக்காது என்று லத்தீப்புக்குத் தெரியாது. பன்றி என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? “வேற கடைய பாரு” என்றிருப்பான். அவ்வளவுதான். அவனைப்போல் தைக்க மலாக்காவில் ஆள் இல்லை என்பதால்தான் ‘ம்’.

மே 2, வெள்ளி

பை ரெடி. ரத்தம் தேங்காமல் வடிய அடியில் ஓட்டைகள், ஓட்டைக்குப் பித்தளை வளையம், அழுத்தித் தைத்த வார். நான் கேட்காததெல்லாம் செய்திருக்கிறான். தைத்த கூலிகூட வாங்கவில்லை. “மான் அடிச்சா ஒரு துண்டு குடு. அறுக்கிறப்ப நம்மாளு ஒருத்தன் இருக்கணும், சரியா?” என்றான்.

மறுபடியும் ‘ம்’.

மே 3, சனி

அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு தாமானைச் சுற்றி நடந்து பழகினேன். பக்கத்து வீட்டுத் திலகவதி அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு, “விஜயா வீட்ட விட்டுத் தொரத்திட்டாளா தம்பி?” என்று கேட்டார். ரொம்ப அக்கறை. பதிலுக்குக் காத்திராமல் எதிர் வீட்டுக்குப் போன் போட்டார்.

மே 4, ஞாயிறு

வெற்றி. எழுதும்போதே மார்பு விரிகிறது. காலையில் பெரிய ஆண் பன்றி. இரண்டு தொடை, முதுகுக்கறி, எல்லாவற்றையும் அண்ணன் என் மேல் ஏற்றினார். எடை உயரத்தில், முதுகோடு ஒட்டி, இடுப்பில் உட்கார்ந்தது. கால்வாயைக் கோயில் யானை மாதிரி தாண்டினேன். கோகுலராஜ் வீடியோவை நிறுத்திவிட்டான், விழாதவனை யார் பார்ப்பார்கள். நன்றாகச் சுமக்கிறேன் என்று தெரிந்ததும் தலையையும் ஏற்றினார்கள். அப்போதுதான் பையில் ஒரு வார் தையல் விட்டது.

மே 5, திங்கள்

காலையிலேயே பையைச் சோப்புப் போட்டு மூன்று தண்ணீர் அலசினேன். நாற்றம் இல்லை. மரியாதையாகக் கொடுக்க வேண்டும் அல்லவா. சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு லத்தீப் கடைக்குப் போனேன்.

“துவச்சுக் கொண்டாந்தியா? பெரிய மனுசன்டா நீ,” என்றான். மடியில் போட்டான். மெஷினில் வைத்துத் தைத்தான். ஈரம் மேசையெல்லாம் பரவியது. கடைசியில் நூலைப் பல்லால் கடித்தான்.

பல்லால்.

லத்தீப்பின் மனைவி ரபியா தட்டில் பிசாங் கோரெங், பொரித்த வாழைப்பழம், கொண்டுவந்து வைத்தார். லத்தீப் அதே கையால் எடுத்து என்னிடம் நீட்டினான். தின்றேன். என்ன ருசி என்று கேட்டால் தெரியாது.

மே 6, செவ்வாய்

நன்றாகத் தூங்கினேன் என்று எழுத வந்தேன். இதிலும் ‘ம்’ போட ஆரம்பித்தால் அப்புறம் எங்கே போவது?

மே 11, ஞாயிறு

முதுகு வலி என்று சொல்லி வேட்டைக்குப் போகவில்லை. “நீ வராட்டிப் பரவால்லப்பா, ஃப்ரேம மட்டும் அனுப்பிவிடு,” என்றார் பிச்சைமுத்து அண்ணன். மூன்று வருடம் கூடச் சுமந்தவன் நான். நல்லது. என் மதிப்பு கிராம் சுத்தமாகத் தெரிந்துவிட்டது.

மே 17, சனி

லத்தீப் போன்.

“டேய் காந்தா, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எங்க தொழுகை சூராவுல கொர்பான் அறுக்குறோம். பின்னால கம்போங்குல வண்டி போகாத சந்து. வயசானவங்க வீட்டுக்கெல்லாம் கறிய தூக்கிட்டுப் போகணும். உன் ஃப்ரேமையும் பையையும் குடு. இன்னும் நாலு பை நானே தச்சுக்கிட்டிருக்கேன். ராவு பகலா மெஷின் ஓடுது.”

மெஷின் ஓடுகிறது. எந்த மெஷின்? அந்த மெஷின்.

“ஹலோ, இருக்கியா?”

இந்த முறை ‘ம்’கூட வரவில்லை. “லைன் சரியில்லடா” என்று வைத்துவிட்டேன்.

மே 18, ஞாயிறு

யோசனைகள்: பை தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். எலி கடித்துவிட்டது என்று சொல்லலாம். அதே நிறத்தில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். எல்லாம் பைக்குச் சரி. மெஷினுக்கு? அவன் தைக்கிற அந்த நாலு பைக்கு? சூராவில் அதில் கறி போட்டு வீடு வீடாக…

என்ன செய்து வைத்திருக்கிறேன் நான்.

மே 19, திங்கள்

விஜயராணியிடம் சொன்னேன். வழக்கம்போல் ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

“வாயில வச்சாரா?”

“நூல கடிச்சான்.”

“நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்களா?”

நறுக்கிய காயைத் தட்டில் ஒதுக்கி வைத்தேன்.

“நான் ஒரு சட்டிய வெளிய வச்சதுக்கு மூணு வருசமா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்க. ஆனா ஒரு நாளும் அத உள்ள கொண்டாந்ததில்ல. ஏன்? நான் மனசு கஷ்டப்படுவேன்னுதான? அவரு மனசு மட்டும் என்ன, கித்தானா?”

எழுந்து பின்வாசலுக்குப் போய்ச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  திலகவதி அக்காவுக்குத் தெரிந்தால் கூட்டம் போட்டுவிடுவார்.

மே 20, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

கடையில் லத்தீப்பும் ரபியாவும் மட்டும். நாலு பையில் மூன்று முடிந்து தொங்கியது. நான் வாசலிலேயே நின்று சொன்னேன். மான் இல்லை, பன்றி. முதல் நாளிலிருந்தே பன்றி. அன்றைக்கு மெஷினில் வைத்ததும் பன்றி சுமந்த பை.

லத்தீப் காலை மிதிப்பலகையிலிருந்து எடுத்தான். கையைப் பார்த்தான். 

“காஞ்சிருந்திச்சா, ஈரமா?”

“துவச்சுதான்டா கொண்டாந்தேன். மூணு தடவ…”

“காஞ்ச பையின்னா தட்டிவிட்டுட்டுப் போயிடலாம். ஈரமா கொண்டாந்திருக்க. மெஷின், மேச, நான் கட்டியிருந்த சாரம், என் வாயி, எல்லாத்துலயும் ஒட்டியாச்சு. துவச்சானாம்.”

நான் செய்ததில் ஒரே ஒரு நல்ல காரியம் என்று நினைத்தது அந்தத் துவைப்புதான்.

ரபியா உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். “கேட்டிருந்தா இல்லேன்னு சொல்லியிருப்பாரு, காந்தன் அண்ணே. அதோட முடிஞ்சிருக்கும். நீங்க சாப்பிடுறத நாங்க என்னைக்காச்சும் கேட்டிருக்கமா?”

கேட்டதில்லை.

“போடா,” என்றான் லத்தீப். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 22, வியாழன்

கடை சாத்தியிருந்தது. பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம். மண் கரைத்த தண்ணீர் ஒரு முறை, நல்ல தண்ணீர் ஆறு முறை. பன்றி பட்டதைக் கழுவிச் சுத்தப்படுத்தும் சமாக் செய்கிறான். மேசை, மெஷின் தகடு, நாற்காலி எல்லாம் வெயிலில். தொங்கிக்கொண்டிருந்த மூன்று பையும் கொடியில். மே ஐந்துக்குப் பிறகு தைத்துக் கொடுத்த வீடுகளுக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தான். “என் கடையில ஒரு தப்பு நடந்துபோச்சு” என்றான் ஒவ்வொருவரிடமும். என் கடையில். என் பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

உதவிக்குப் போய் வாளியைத் தொட்டேன்.

“வை,” என்றான்.

வைத்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

கோகுலராஜ் வந்து சட்டகத்தை எடுத்துக்கொண்டு போனான். இடுப்புப் பட்டையை அவன் அளவுக்கு இறுக்கியபோது மீதி வார் தரை வரை தொங்கியது. அவ்வளவு நீளமா என் சுற்றளவு?

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். எல்லா வருடமும் ரபியா எங்களுக்கென்று கோழிப் பிரியாணி தனியாகக் கொடுத்துவிடுவார். விஜயராணி அதை வாங்கி வைக்கும் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். இரவு அவளே எடுத்து அலமாரியில் கவிழ்த்தாள். 

ஜூன் 15, ஞாயிறு

தஞ்சோங் கிளிங் பக்கம் ஒரு பாலிசி வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை என்ன பாலிசி?

கித்தான் கடை வாசலில் புதுப் பலகை. மலாய், தமிழ், சீனம். ‘தைக்கக் கொடுக்கும் முன், இது எதைச் சுமந்தது என்று சொல்லவும்.’

முச்சக்கர வண்டிக்கு மேல்விரிப்பு வாங்க வந்த ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, “இது என்ன தம்பி, புதுச் சட்டமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். லத்தீப் நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான்.

“கையில என்ன?”

“ஒண்ணுமில்லடா.”

காலால் ஒரு முக்காலியை வாசல் பக்கம் தள்ளினான். பெரியவரிடம், “இவன்கிட்ட கேளுங்க பாய். நல்லாச் சொல்லுவான்,” என்று சொல்லிவிட்டு மறுபடி தைக்கக் குனிந்தான்.

உட்கார்ந்தேன். சொன்னேன். பெரியவருக்குச் சிரிப்பும் வந்தது, முகம் சுளிப்பும் வந்தது. நான் கொஞ்சம் சூடு பிடித்து, மழை, அவசரம், சொல்ல நினைத்தேன் ஆனால் நேரம் கிடைக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்தேன்.

மெஷின் நின்றது.

திருத்திச் சொன்னேன். நேரம் நிறைய இருந்தது, நான்தான் சொல்லவில்லை என்று.

மெஷின் மறுபடி ஓடியது.