உப்பில்லாத பத்து நாள்

அக்கா,

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். அந்த வாசனை வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடியும் சாத்தினேன். இன்றைக்கு உங்களுக்கு என்னதான் வந்தது என்று என் வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். அவளிடம் சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன். நீ போய் இரண்டு வருஷம் கழித்து எனக்குத் தைரியம் வந்திருக்கிறது பார்.

சிம்பாங் பூலாய் ரப்பர் தோட்டத்தில் உன் வேகத்துக்குப் பெயர் உண்டு. அந்த வேகம் ஏறிவிட்டால் உன் நெரை வரிசையில் உள்ள மரங்களில் பால் வெட்டி முடித்துவிட்டு, அடுத்தவள் நெரையிலும் இறங்கிவிடுவாய். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் திட்ட வந்தால் அவருக்கே பால் வெட்டச் சொல்லிக்கொடுப்பாய். தூக்கம் கிடையாது. லயத்து வீடுகள் முழுவதற்கும் பலகாரம் சுடுவாய். பிறகு ஒரு நாள் எல்லாம் நின்றுபோகும். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நீ சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய். தலைசீவக்கூட எழுந்திருக்க மாட்டாய். இன்று இருமுனைக் கோளாறு என்கிறார்கள். அன்று காற்று, கருப்பு, செய்வினை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஒரு டாக்டர் உனக்கு லித்தியம் மாத்திரை கொடுத்தார். அவர் பேசியது ஆங்கிலம். மொழிபெயர்க்க நான் கூட வந்தேன், பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்த மிதப்போடு. சில மாதங்களில் நீ தேறிவிட்டாய். எல்லோரையும் போலச் சிரித்தாய், எல்லோரையும் போலத் தூங்கினாய். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆடித் திருவிழாவில் நீ பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். காப்பு கட்டினால் பத்து நாள் விரதம். ஒரு வேளைச் சோறு, அதுவும் உப்பில்லாமல்.

காப்பு கட்டுவதற்கு முந்தின வாரம் டாக்டர் என்னிடம் சொன்னார்: இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் உப்பைக் குறைக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்தே விஷமாகிவிடும். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். தண்ணீர் குடிக்கச் சொல்கிறார் என்று மட்டும் சொன்னேன். முழுதும் சொன்னால் அம்மா விரதத்தை விடமாட்டாள், மாத்திரையைத்தான் நிறுத்துவாள் என்று பயந்தேன். பத்து நாள்தானே என்று நானே டாக்டராகிவிட்டேன்.

திருவிழா அன்று கோயிலுக்குப் பாதி வழியில் உன் கை நடுங்கியது. கால் பின்னியது, நாக்குக் குழறியது. பெண்கள் குலவை போட்டார்கள். ஆத்தா வந்துவிட்டாள் என்று உன் கையில் வேப்பிலையைத் திணித்துக் காலில் விழுந்தார்கள். அம்மாவும் விழுந்தாள். நீ கூட்டத்துக்குள் என்னைத் தேடிச் சட்டையைப் பிடித்தாய்.

"சாமி இல்லடா தம்பி. ஒடம்பு என்னமோ பண்ணுது."

எனக்குத் தெரியும், அக்கா. அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தோட்டத்து லோரியில் உன்னை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் பறந்தேன். வந்த சாமியைப் பாதியில் இழுத்துப் போகிறானே பாவி என்று பின்னால் திட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் கண் தெளிந்து, உப்பில்லாமல் இருந்ததால்தான் மருந்து விஷமானது என்று தெரிந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "விரதம் இருக்கக் கூடாதுன்னு டாக்டரு முன்னமே சொன்னாராடா?"

"இல்லக்கா."

அவ்வளவுதான் சொன்னேன். அதோடு நீ மாத்திரையைத் தூக்கி எறிந்தாய். ஆளைக் கொல்லப் பார்த்த மருந்து, சொல்லாமல் கொடுத்த டாக்டர் என்று யார் கெஞ்சியும் தொடவில்லை. அதன்பிறகு எத்தனை முறை ஏறினாய், எத்தனை முறை விழுந்தாய். வேலை போனது. தாப்பாவிலிருந்து வந்த வரன் போனது. கெஞ்சியவர்களில் நானும் ஒருவன். கெஞ்சினேனே தவிர, உண்மையைச் சொல்லவில்லை.

கடைசிப் படுக்கையில்கூட நர்ஸிடம் என்னைக் காட்டி, "என் தம்பி இல்லன்னா நான் அன்னிக்கே போயிருப்பேன்லா" என்றாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எவ்வளவு அடக்கமானவர் என்றாள் அவள். நீ பெருமையாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் அலைகிறேன்.

டாக்டர் சொன்னார், அக்கா. நான்தான் உன்னிடம் சொல்லவில்லை.